டூம் வரிசையில் எதிரிகளின் கடினம்: ஓர் ஒப்பீடு

டூம் என்பது அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட முதல்நபர் சுடும் ஆட்டம். டூம் II (1994), ஃபைனல் டூம் (1996), டூம் 3 (2004), டூம் (2016), டூம் எடர்னல் (2020), டூம்: தி டார்க் ஏஜஸ் (2025) ஆகியவை அந்த வரிசையில் வந்த முக்கிய ஆட்டங்கள். நரகத்திலிருந்து வரும் அரக்கர்களைத் தனி ஒரு வீரன் எதிர்ப்பதே இவற்றின் அடிப்படைக் கதை. இம்ப், பிங்கி, காக்கோடீமன், ரெவனன்ட், ஆர்ச்-வைல் போன்ற அரக்கர்கள் முப்பது ஆண்டுகளாக உருவம் மாறி மாறித் திரும்பி வருகிறார்கள்.

இதனால் இந்த வரிசையை விளையாடுவோரிடையே ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது: எந்த ஆட்டத்தின் எதிரி மிகக் கடினமானவன்? பதிலாக வருபவை பெரும்பாலும் தரவரிசைப் பட்டியல்கள். எதிரியின் உயிர் அளவு, அவன் தரும் சேதம், அவனிடம் எத்தனை முறை தோற்றோம் என்பவையே அவற்றின் அளவுகோல். இந்த அளவுகோல்கள் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே சரியாக வேலை செய்வதில்லை; ஆட்டம் விட்டு ஆட்டம் ஒப்பிடும்போது அறவே பயன்படுவதில்லை. கடினம் எதிரியின் உடலில் இல்லை. அவன் நிற்கும் இடம், உடன் நிற்பவர்கள், ஆட்டக்காரருக்கு அவன் விட்டுவைக்கும் வழிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே கடினம் பிறக்கிறது. இந்தக் கருத்தை டூம் வரிசையின் எதிரிகளைக் கொண்டே சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முதல் டூம் ஆட்டத்தின் மூல நிரல் 1997இல் பொதுவெளியில் விடப்பட்டது. அதனால் அதன் எதிரிகளைப் பற்றிய எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. துப்பாக்கி ஏந்திய சாதாரணச் சோம்பிக்கு உயிர் 20, ஷாட்கன் சோம்பிக்கு 30, இம்புக்கு 60, பிங்கிக்கு 150, காக்கோடீமனுக்கு 400. பாரன் ஆஃப் ஹெல் எனப்படும் நரகப் பிரபுவுக்கு 1000. இறுதி எதிரிகளான ஸ்பைடர் மாஸ்டர்மைண்டுக்கு 3000, சைபர்டீமனுக்கு 4000. ஆட்டக்காரர் தொடங்கும்போது அவருக்கு 100.

இந்தப் பட்டியலை நம்பினால் ஷாட்கன் சோம்பியைவிடப் பாரன் முப்பது மடங்குக்கு மேல் கடினமானவன் என்று ஆகிவிடும். விளையாடியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாரன் எறியும் பச்சை நெருப்புப் பந்து 8 முதல் 64 வரை சேதம் தரும். ஆனால் அது காற்றில் பறந்து வர நேரம் ஆகும். டூம் வீரன் மிக வேகமாக ஓடக்கூடியவன். திறந்த வெளியில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் பந்து அவன்மேல் படாது. ஷாட்கன் சோம்பியின் குண்டு அப்படியல்ல. அவன் சுட்ட நொடியிலேயே அது பட்டுவிடும், ஒதுங்க வழியில்லை. மூன்று குண்டுச் சிதறல்களும் பட்டால் ஒரே சூட்டில் 45 வரை போய்விடும்.

டூம் II கொண்டுவந்த செயின்கன்னர் இந்த வேறுபாட்டின் உச்சம். அவனுக்கு உயிர் 70 மட்டுமே. ஆனால் ஆட்டக்காரர் கண்ணில் படும்வரை அவன் சுடுவதை நிறுத்துவதில்லை. தொலைவில், உயரமான மேடையில் ஒரு செயின்கன்னர் நின்றால், பாரன் நிற்கும் அறையைவிட அந்த முற்றம் ஆபத்தானது. ஆகவே எதிரியின் உயிர் அளவு நமக்குச் சொல்வது ஒன்றைத்தான்: அவனைக் கொல்ல எவ்வளவு நேரமும் தோட்டாவும் செலவாகும் என்பதை. அந்த நேரத்தில் அவன் நம்மை என்ன செய்வான் என்பதை அது சொல்வதில்லை.

ஒரே எதிரி, வேறு இடம்

முதல் டூமின் முதல் பகுதி இரண்டு பாரன்களுடன் முடிகிறது. ஆட்டக்காரர் அவர்களை அங்கேதான் முதன்முறையாகப் பார்க்கிறார். பிளாஸ்மா துப்பாக்கியும் பிஎஃப்ஜி என்னும் பெருந்துப்பாக்கியும் அந்தப் பகுதியில் கிடைப்பதில்லை. சாதாரண ஷாட்கனின் ஒரு சூடு எல்லாச் சிதறல்களும் பட்டால் சராசரியாக 70 சேதம் தரும். ஒரு பாரனுக்கே பதினைந்து சூடுகள் வேண்டும். அந்தச் சூழலில் அவர்கள் உண்மையாகவே இறுதி எதிரிகள்.

அடுத்த ஆண்டு வந்த டூம் II ஆட்டக்காரர் கையில் இரட்டைக்குழல் ஷாட்கனைக் கொடுத்தது. அதன் சராசரிச் சேதம் 200. ஐந்து சூடுகளில் பாரன் விழுந்துவிடுவான். பாரனின் எண்கள் ஒன்றுகூட மாறவில்லை, 1000 அப்படியே இருக்கிறது. ஆனால் திகிலாக இருந்தவன் வழியை அடைத்து நிற்கும் சுவராகிவிட்டான். அவனுடைய பாதி உயிருடன் ஹெல் நைட் என்ற அரக்கனை அதே ஆட்டம் சேர்த்ததும் பொருத்தமே. தாக்குதல் ஒன்றேயாக இருக்க, சுடும் நேரம் மட்டும் பாதியாகக் குறைந்தது.

எதிரிகள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வது பழைய டூமின் இன்னொரு முக்கிய விதி. ஒருவன் எறிந்தது தவறி வேறு இனத்தவன்மேல் பட்டால், அடிபட்டவன் ஆட்டக்காரரை விட்டுவிட்டு அவன்மேல் பாய்வான். டூம் IIஇன் எட்டாம் களத்தில் சைபர்டீமனையும் பாரன் கூட்டத்தையும் ஓரறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். இருபதாம் களம் சைபர்டீமனையும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டையும் ஒரே இடத்தில் விடுகிறது. நேருக்கு நேர் நின்று சுடுபவருக்கு இவை மிகக் கடினம். அவர்களை மோதவிட்டு ஒதுங்கி நிற்பவருக்கு எளிது. இரண்டு பெரிய எதிரிகள் சேர்ந்தால் கடினம் இரட்டிப்பாகும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

இதற்கு மிக வலுவான சான்று 1996இல் ஃபைனல் டூமின் ஒரு பாதியாக வந்த ‘தி புளூட்டோனியா எக்ஸ்பெரிமென்ட்’. டாரியோ கசாலி, மைலோ கசாலி என்ற சகோதரர்கள் அமைத்த அதன் களங்களில் புதிய அரக்கன் ஒருவன்கூட இல்லை. டூம் IIஇல் இருந்த அதே அரக்கர்கள், அதே எண்கள், அதே ஆயுதங்கள். இருந்தும் டூம் IIஐ முடித்தவர்கள் இதில் திணறினார்கள். செயின்கன்னர்களை எங்கே நிறுத்துவது, ரெவனன்ட்களை எப்போது திறந்துவிடுவது, ஆர்ச்-வைலுக்கு எந்த மூலையைக் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு இருந்தது. எதிரியே மாறாமல் கடினம் மட்டும் மாறுமானால், கடினம் எதிரிக்குச் சொந்தமானதாக இருக்க முடியாது.

ஆர்ச்-வைல்: ஒரு பெயர், மூன்று எதிரிகள்

ஒரே பெயருடைய எதிரியைப் பல ஆட்டங்களில் ஒப்பிட ஆர்ச்-வைலைவிடப் பொருத்தமானவன் இல்லை. டூம் IIஇல் அவனுக்கு உயிர் 700. அவனுடைய நெருப்பு ஆட்டக்காரர்மேல் பற்றிக்கொண்ட பிறகு வெடிக்கச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் ஒரு தூணின் பின்னால் மறைந்தால் சேதம் இல்லை; பார்வையில் இருந்தால் 90 வரை போகும். நூறு உயிருள்ள ஆட்டக்காரருக்கு அது ஏறக்குறைய முடிவு.

இதைவிடப் பெரியது அவனுடைய இன்னொரு ஆற்றல். இறந்து கிடக்கும் அரக்கர்களை அவன் எழுப்பிவிடுவான். தோட்டாவைச் செலவழித்து ஒருவழியாகச் சுத்தம் செய்த அறை மீண்டும் நிறைந்துவிடும். எனவே ஆர்ச்-வைல் வந்தவுடன் ஆட்டக்காரர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: சுற்றியிருப்பவர்களின் அடியைத் தாங்கிக்கொண்டு இவனை முதலில் முடிப்பதா, மறைந்து மறைந்து மற்றவர்களைக் குறைப்பதா? எழுந்து வருபவர்களைக் கொல்லத் தோட்டா மீதி இருக்குமா? மறைவிடம் எங்கே? விடை களத்துக்குக் களம் மாறும். புளூட்டோனியாவின் பதினோராம் களம் ஆர்ச்-வைல்கள் உலவும் ஒரு புதிர்ப்பாதை. அங்கே சுவர்களே மறைவிடம். அடுத்த திருப்பத்தில் இன்னொருவன் நிற்கக்கூடும் என்பதால் அவையே பயமும்கூட.

பத்து ஆண்டுகள் கழித்து வந்த டூம் 3இல் அரக்கர்களின் பிணங்கள் எரிந்து மறைந்துவிடுகின்றன. எழுப்புவதற்குப் பிணம் இல்லாததால் ஆர்ச்-வைல் புதிய அரக்கர்களை வரவழைப்பவனாக மாறினான். டூம் எடர்னலிலும் அவன் வரவழைப்பவனே. கூடவே நெருப்புச் சுவரும் எழுப்புவான். கண்டவுடன் அவனைத் தேடிப்பிடித்துக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கும் உண்டு. அவனை விட்டுவைத்தால் போர்க்களம் கைமீறிப் போகும். ஆனால் ஒரு நூல் அறுந்துவிட்டது. பழைய ஆர்ச்-வைல் எழுப்பியது ஆட்டக்காரர் தாமே செய்து முடித்த வேலையை. யாரை எங்கே கொன்றோம் என்பது அப்போது முக்கியமாக இருந்தது. புதியவன் வரவழைப்பவர்களுக்கும் ஆட்டக்காரரின் முந்தைய செயலுக்கும் தொடர்பில்லை. சேதக் கணக்கில் எடர்னலின் ஆர்ச்-வைல் கொடியவனாக இருக்கலாம். கேட்கும் கேள்வியின் ஆழத்தில் 1994இன் ஆர்ச்-வைலே பெரியவன்.

இருட்டு தரும் கடினம்

டூம் 3 வரிசையின் மற்ற ஆட்டங்களிலிருந்து விலகி நிற்பது. அது திகில் ஆட்டமாகவே வடிவமைக்கப்பட்டது. குறுகிய தாழ்வாரங்கள், அணைந்து அணைந்து எரியும் விளக்குகள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எதிரிகள். கைவிளக்கைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. துப்பாக்கியை எடுத்தால் வெளிச்சம் போய்விடும். இது ஒரு நல்ல சிக்கல். பார்ப்பதா, சுடுவதா என்ற தேர்வை ஆட்டம் முழுவதும் அது ஆட்டக்காரர்முன் வைக்கிறது.

ஆனால் எதிரிகள் வரும் விதம் இந்தச் சிக்கலைப் பலவீனப்படுத்திவிடுகிறது. ஒரு பொருளை எடுத்தவுடன் பின்னால் சுவர் திறக்கும், அல்லது முதுகுப்புறத்தில் ஓர் இம்ப் தோன்றும். முதல் சில முறை திடுக்கிட வைக்கும் இந்த உத்தி, பிறகு பழகிப்போகிறது. எதையாவது எடுத்ததும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கை கற்றுக்கொள்கிறது. தெரியாததால் வரும் கடினம் தெரிந்தவுடன் தீர்ந்துவிடும். செயின்கன்னர் நிற்கும் இடம் முன்கூட்டியே தெரிந்தாலும் அந்த முற்றத்தைக் கடப்பது கடினமாகவே இருக்கிறது. டூம் 3இன் இம்ப் பாயும் இடம் தெரிந்துவிட்டால் அவன் பாதி தோற்றவன்தான். கைவிளக்கை உடல் கவசத்திலேயே பொருத்தி 2012இல் வந்த பதிப்பு, இருந்த ஒரு நல்ல தேர்வையும் நீக்கிவிட்டது.

பழைய டூமிலும் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரிகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. முதல் முறை விளையாடும்போது அவையும் நியாயமற்றவையாகவே தோன்றும். ஆனால் அங்கே ஓடுவதற்கு இடம் இருந்தது. வீரனின் வேகம் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தது.

எதிரி மருந்துப் பெட்டியானபோது

2016இல் வந்த டூம் எதிரியின் பொருளையே மாற்றியது. அடிபட்டுத் தள்ளாடும் அரக்கனை அருகில் சென்று கையால் கொன்றால் உயிர் கிடைக்கும். சங்கிலி ரம்பத்தால் அறுத்தால் தோட்டா கிடைக்கும். பழைய ஆட்டத்தில் உயிர் குறைந்தவர் பின்வாங்கி மருந்துப் பெட்டியைத் தேடுவார். இங்கே உயிர் குறைந்தவர் முன்னால் பாய வேண்டும்.

இதன் விளைவை எதிரி ஒப்பீடுகள் கவனிப்பதில்லை. 1993இன் ஷாட்கன் சோம்பி ஓர் ஆபத்து. 2016இன் சோம்பி ஆபத்தும் உதவியும் சேர்ந்தவன். எடர்னலில் இது இன்னும் தெளிவு: பெரிய அரக்கர்கள் உயிரோடு இருக்கும்வரை பல களங்களில் சிறிய அரக்கர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காரணம் அவர்கள்தாம் தோட்டாவும் உயிரும் கவசமும். பழைய டூமில் ஷாட்கன் தோட்டாக்கள் 50 வரை வைத்துக்கொள்ளலாம், பை கிடைத்தால் 100. எடர்னலின் தொடக்கத்தில் 16 மட்டுமே. தோட்டா தீர்வது அங்கே விபத்தல்ல, திட்டம். எனவே எடர்னலின் சோம்பி பழையவனைவிட எளிதானவன் என்று சொல்வது பொருளற்றது. இருவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. புதிய ஆட்டங்களில் எதிரிகளின் தாக்குதல்கள் பெரும்பாலும் பறந்து வரும் வகை, பார்த்து ஒதுங்கலாம். 2016 ஆட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை அரக்கர்கள் தாக்கலாம் என்பதற்கும் நிரலுக்குள் ஒரு வரம்பு இருக்கிறது. பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் பத்துப் பேரும் ஒன்றாகச் சுடுவதில்லை. பார்வைக்கு மிகக் கொடூரமாகத் தோன்றும் போர் உள்ளுக்குள் ஒழுங்கானது. பழைய டூமில் இந்தக் கருணை கிடையாது. ஆறு செயின்கன்னர்கள் பார்த்தால் ஆறு பேரும் சுடுவார்கள்.

மாரோடர்: ஒரே சாவி உள்ள பூட்டு

டூம் எடர்னலின் நடுப்பகுதியில் அறிமுகமாகும் மாரோடர், இந்த வரிசையில் அதிகம் விவாதிக்கப்பட்ட எதிரி. அவன் கையில் கோடரியும் கேடயமும். நேராகச் சுடுவதைக் கேடயம் தடுத்துவிடும். பிஎஃப்ஜியும் அவனிடம் பயன்படாது. மிக அருகில் போனால் ஷாட்கனால் சுடுவான், மிகத் தள்ளிப் போனால் கோடரி வீச்சு பறந்து வரும். இடைப்பட்ட தூரத்தில் நின்றால் கோடரியுடன் பாய்வான். அப்போது அவன் கண்கள் பச்சையாக மின்னும். அந்த நொடியில் சுட வேண்டும். அதுவே வழி.

அவனை வெறுப்பவர்கள் கூறும் காரணம் நியாயமானது. ஆட்டம் அதுவரை ஓடு, தாவு, ஆயுதத்தை மாற்றிக்கொண்டே இரு என்று கற்றுத்தந்தது. மாரோடர்முன் மட்டும் நிற்கவும் காத்திருக்கவும் சொல்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மாரோடர் ஒளிந்து தாக்குவதில்லை. விதி வெளிப்படையானது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியும். டூம் 3இன் முதுகுப்புற இம்பைவிட அவன் நேர்மையான எதிரி.

ஆயினும் சிக்கல் நேர்மையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மாரோடர் என்ற கேள்விக்கு விடை ஏறக்குறைய ஒன்றுதான். எடர்னலின் மற்ற அரக்கர்களிலும் இதன் சாயல் உண்டு. காக்கோடீமனின் வாயில் கையெறி குண்டு, ரெவனன்டின் தோள் பீரங்கியை முதலில் உடைப்பது என்று ஆட்டமே திரையில் எழுதிக் காட்டுகிறது. ஆனால் அவை குறுக்குவழிகள். வேறு வழியிலும் கொல்லலாம். மாரோடரிடம் குறுக்குவழியே ஒரே வழியாகிவிடுகிறது. 2020 அக்டோபரில் வந்த கூடுதல் பகுதி இதை மேலும் நீட்டியது. அதில் வரும் ஸ்பிரிட் என்ற ஆவியைப் பிளாஸ்மா துப்பாக்கியின் ஒரு குறிப்பிட்ட கற்றையால்தான் அழிக்க முடியும். இது பூட்டும் சாவியும். திறப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும், யோசனை வேண்டியதில்லை.

அதே மாரோடரைத் தனியாக விடாமல் பெரிய கூட்டத்தின் நடுவே விட்டால் நிலைமை மாறுகிறது. அவனைக் கவனிக்க நின்றால் மற்றவர்கள் தாக்குவார்கள். ஓடினால் அவன் துரத்துவான். அப்போது எப்போது நிற்பது, எப்போது ஓடுவது என்பது உண்மையான முடிவாகிறது. கடினம் எதிரியைவிடக் கூட்டணியில் இருக்கிறது என்பதற்கு மாரோடரே சாட்சி.

கடினநிலைத் தேர்வு என்ன செய்கிறது

எதிரிகளை ஒப்பிடும் எவரும் எந்தக் கடினநிலையில் விளையாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தத் தேர்வு ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வேலையைச் செய்கிறது.

முதல் டூமில் ஐந்து நிலைகள் உண்டு. எதிலும் அரக்கர்களின் உயிர் மாறுவதில்லை. களத்தில் யார், எத்தனை பேர், எங்கே என்பதுதான் மாறுகிறது. முதல் இரண்டு நிலைகளுக்கு ஒரே அமைப்பு, கடைசி இரண்டுக்கும் ஒரே அமைப்பு. மிக எளிய நிலையில் ஆட்டக்காரர்மேல் விழும் சேதம் பாதியாகும். நைட்மேர் என்ற உச்ச நிலையில் அரக்கர்கள் வேகம் பெற்று, இறந்தபின் தாமாகவே எழுவார்கள். டூம் 3இன் நைட்மேர் வேறு வகை: அங்கே ஆட்டக்காரரின் உயிர் 25 வரை தானாகவே வடிந்துகொண்டிருக்கும். தி டார்க் ஏஜஸ் எதிரி தரும் சேதம், கேடயத்தால் திருப்பி அடிக்கும் அவகாசம், ஆட்டத்தின் வேகம் முதலியவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் விடுகிறது.

இந்தக் கடைசி ஏற்பாடு கை வேகம் குறைந்தவர்களுக்கும் ஆட்டத்தைத் திறந்துவிடுகிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் எண்ணைக் கூட்டுவது ஒன்று, இடத்தை மாற்றுவது வேறொன்று. சேதத்தை இரட்டிப்பாக்கினால் அதே தவறுக்குத் தண்டனை கூடும். ஓர் ஆர்ச்-வைலை வேறு மூலையில் நிறுத்தினால் கேள்வியே புதிதாகிவிடும்.

மதிப்பீடு

டூம் வரிசையில் மூன்று வகைக் கடினங்கள் தெரிகின்றன. முதல் இரண்டு ஆட்டங்களிலும் புளூட்டோனியாவிலும் இருப்பது அமைப்பால் வரும் கடினம். டூம் 3இல் இருப்பது மறைப்பால் வருவது. 2016க்குப் பின், குறிப்பாக எடர்னலில், இருப்பது விதியால் வருவது. கைத்திறனை அதிகம் கேட்பது மூன்றாவது. அந்த வகையில் எடர்னல் மிகக் கடினமான ஆட்டம் என்பதை ஏற்கலாம். மிக விரைவில் தேய்வது இரண்டாவது. பல முறை விளையாடிய பின்னும் முடிவெடுக்க வைப்பது முதலாவது.

எனவே எந்த எதிரி கடினமானவன் என்று தரவரிசை போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. இவனுடைய தாக்குதலிலிருந்து நான் ஒதுங்க முடியுமா? இவன் வந்ததால் மற்ற எதிரிகளின் மதிப்பு மாறுகிறதா? இவனை வெல்ல எனக்கு எத்தனை வழிகள் உள்ளன? ஆர்ச்-வைல் மூன்று கேள்விகளுக்கும் செறிவான பதில் தருகிறான். செயின்கன்னர் முதல் கேள்வியிலேயே மிரட்டுகிறான். தனித்து நிற்கும் மாரோடர் மூன்றாவது கேள்வியில் தோற்றுவிடுகிறான். பாரனின் ஆயிரம் உயிர் எந்தக் கேள்விக்கும் பதிலாவதில்லை.